கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது: எந்த இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

4 மார்ச் 2023: திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

குழந்தை தூங்கும் நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 31. ஒன்றரை மாதமாகத் தலை சீவும்போதெல்லாம் சீப்பில் முடி கொத்தாக வருகிறது. மாமியார் போர் தண்ணீரைக் குறை சொல்கிறார். கணவர் ஷாம்புவைக் குறை சொல்கிறார். தெருமுனைப் பரிசோதனைக் கூடத்தில், முடி உதிர்வுக்கென்றே அறுபதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் அடங்கிய பேக்கேஜ் ஒன்று இருக்கிறதாம். அதைச் செய்தால் காரணம் தெரிந்துவிடும் என்கிறார்கள். இரத்தத்தைப் பார்த்தால் முடி ஏன் கொட்டுகிறது என்று உண்மையிலேயே தெரியுமா?

5 மார்ச் 2023, காலை

தெரியும் என்பதே என் பதில், ஏனெனில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன்; ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன்; வயது 43. சென்ற நவம்பர் மழையில் டெங்கு வந்து பத்து நாள் படுத்த படுக்கையாக இருந்தேன். அதிலிருந்து எழுந்து, வேலைக்குப் போய், பொங்கலும் கொண்டாடி முடித்த பிறகு, பிப்ரவரி முதல் வாரத்தில் குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு முடி உதிரத் தொடங்கியது. ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை உதிர்வது யாருக்கும் இயல்பு என்று படித்திருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்து எண்ணினேன். 240-ஐத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் சொல்வதைப் போன்ற பேக்கேஜைத்தான் நானும் செய்தேன். மொத்தம் 62 பரிசோதனைகள். நான்கு முடிவுகள், இயல்பான அளவுக்கு வெளியே இருப்பதால், தடித்த எழுத்தில் வந்தன. தைராய்டு அதிகமாக வேலை செய்தால் இறங்கும், குறைவாக வேலை செய்தால் ஏறும் டி.எஸ்.எச். 0.21 என்று மிகவும் குறைவாக இருந்தது. அதனுடன் சேர்த்துப் பார்க்கும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 சற்று அதிகமாக இருந்தது. இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் 11. வைட்டமின் டி 17. ஆகவே எனக்குத் தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது, உடலில் இரும்பும் இல்லை, முடி கொட்டுவதற்கு இவையே காரணம். அடுத்த வாரம் தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் தயங்காமல் செய்துவிடுங்கள்.

5 மார்ச் 2023, இரவு

போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கலாக்கும், நடுவில் ஒடியவும் செய்யும், வேரோடு கழற்றிவிடாது. கையில் வரும் முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் ஒடிந்தது. இந்தப் பரிசோதனைக்கு ஊசியும் வேண்டாம், பணமும் வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

8 மார்ச் 2023

பேக்கேஜைப் பற்றி இரண்டு நாளாக ஒரு கணக்கு மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அச்சிடப்படும் ‘இயல்பான அளவு’ என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் எல்லை. அதாவது எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர், எந்த ஒரு பரிசோதனையிலும் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார். இதையே ஒருவருக்கு இருபது பரிசோதனைகள் செய்வதாகத் திருப்பிப் போட்டால், அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், குறைந்தது ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. 62 பரிசோதனைகள் என்றால், ஒரு நோயும் இல்லாமலேயே சராசரியாக மூன்று தடித்த எழுத்துகள் வர வேண்டும்.

எனக்கு வந்தவை நான்கு. முந்தாநாள் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெற்ற நிம்மதி இன்று சற்றுக் குறைந்திருக்கிறது.

எல்லாத் தடித்த எழுத்துகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதும் உண்மைதான். எல்லையை ஒட்டி நிற்பது வேறு, பாதிக்குக் கீழே போவது வேறு. என் டி.எஸ்.எச். எல்லையை ஒட்டியதல்ல, கீழ் எல்லையான 0.4-இல் ஏறத்தாழ பாதிதான். எனவே தைராய்டு விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை.

9 மார்ச் 2023

‘எனக்கு ஹீமோகுளோபின் 12.4 இருக்கிறது, இரத்தம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், பிறகு பெரிட்டின் எதற்கு’ என்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இது முக்கியமான கேள்வி என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

என் பாட்டி வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்று இருந்தது. உலைப் பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது ஹீமோகுளோபின். குதிரில் நெல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது பெரிட்டின். குதிர் காலியாகிக்கொண்டே வரும்போதும், வீட்டுப் பெண் எப்படியாவது அடிவரை வழித்து உலையில் போட்டுவிடுவாள். சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உடலும் அப்படித்தான் முதலில் இருப்பைக் கரைக்கிறது, ஹீமோகுளோபின் கடைசியில்தான் குறைகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அது உலைப் பானையைப் பார்த்துச் சொன்ன கணக்கு. குதிருக்குள்ளும் பார்த்திருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும் என்பது என் ஊகம்.

பெரிட்டின் எவ்வளவு இருந்தால் போதும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 15-க்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. முடிக்கு 40 வேண்டும் என்று சில தோல் மருத்துவர்களும், 70 வேண்டும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். குறைந்த பெரிட்டினுக்கும் முடி உதிர்வுக்கும் உள்ள தொடர்பே ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆகவே 38 என்று வந்தவர் பதறவும் வேண்டாம், 16 என்று வந்தவர் ‘எல்லைக்குள்தான் இருக்கிறேன்’ என்று விட்டுவிடவும் வேண்டாம்.

இன்னொன்று. காய்ச்சலிலும் அழற்சியிலும் பெரிட்டின் தானாகவே ஏறும். டெங்குவில் மிக அதிகமாக ஏறும். காய்ச்சலோடு போய்ப் பெரிட்டின் பார்த்தால், காலிக் குதிரும் நிறைந்திருப்பதாகத் தோன்றும். காய்ச்சல் விட்டுச் சில வாரங்கள் கழித்துப் பார்ப்பதே சரி. இரத்தத்தில் ஓடும் இரும்பை மட்டும் அளக்கும் சீரம் அயர்ன் இதற்கு மாற்றாகாது. அது காலைக்கும் மாலைக்குமே மாறும்.

14 மார்ச் 2023, மாலை

ஐந்தாம் தேதி காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்காமல் அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன், என்னைப் போல் முடிவெடுப்பவர்கள் படிக்கட்டும் என்பதற்காக.

தோல் மருத்துவரைப் பார்க்கப் போன அன்று தலைக்குக் குளிக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் என் அறிக்கையைக் கையில் வாங்கி மேசையில் குப்புற வைத்துவிட்டு, ‘மூன்று மாதத்துக்கு முன்பு உங்களுக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டார். டெங்குவைச் சொன்னேன். தலையில் நான்கைந்து இடங்களில் ஏறத்தாழ அறுபது முடிகளை விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல உருவினார். ஒவ்வொரு முறையும் ஆறுக்கு மேல் கையோடு வந்தன. வகிட்டையும் நெற்றியோரத்தையும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னதன் சுருக்கம் இது: கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது போன்ற அதிர்ச்சிகளின்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போய்விடும்; ஓய்வுநிலை இரண்டு மூன்று மாதம் நீடிக்கும்; அது முடிந்ததும் எல்லாம் சேர்ந்தாற்போல் உதிரும். நவம்பரையும் பிப்ரவரியையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் தேதி நானே அந்த இரண்டு மாதங்களையும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, காரணத்தை அறிக்கையில் தேடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அறிக்கையைத் திருப்பினார். நாடியைப் பார்த்தார், 74. கைகளை நீட்டச் சொன்னார், நடுக்கம் இல்லை. எடை குறைந்ததா என்றார். குறைந்தால் மகிழ்ச்சியடைந்திருப்பேன் என்றேன். தைராய்டு அதிகமாக வேலை செய்வதற்கான எந்த அடையாளமும் என்னிடம் இல்லை. ‘முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் சொல்லி, மூன்று வாரமாகத் தினமும் காலையில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் விழுங்கிவந்தேன். இரத்தம் கொடுக்கப் போன அன்றும் விழுங்கிவிட்டுத்தான் போனேன்.

14 மார்ச் 2023, இரவு

பயோட்டினுக்கும் தைராய்டுக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தைராய்டோடு தொடர்பு எதுவும் இல்லை. பரிசோதனைக் கருவியோடுதான் தொடர்பு. பல கருவிகள், இரத்தத்தில் இருக்கும் ஹார்மோனைப் பிடித்து நிறுத்துவதற்கு, பயோட்டின் என்ற பொருளுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் இடையே உள்ள இறுக்கமான ஒட்டுதலைப் பயன்படுத்துகின்றன. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் அல்லவா, மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் அதைத்தான் செய்கிறது. ஹார்மோனை அழைத்துவரும் ஆளுக்கு உட்கார இடமில்லை. கருவியோ உட்கார்ந்திருப்பவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். டி4 அளக்கும் முறை இதற்கு நேர்மாறு. அங்கே இருக்கையில் ஆள் குறையக் குறைய ஹார்மோன் அதிகம் என்று கருவி கணக்கிடும். இரண்டும் சேர்ந்தால், பார்ப்பதற்கு அச்சு அசலாகத் தைராய்டு மிகைநோய்.

உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் 30 மைக்ரோகிராம். நான் விழுங்கியது 10,000 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2017 நவம்பரிலேயே எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனை இப்படித் தவறாகக் குறைந்து காட்டியதைத் தொடர்ந்து ஒருவர் இறந்ததும் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது. எல்லாக் கருவிகளிலும் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இரத்தம் எடுத்தவர் என்னிடம் வெறும் வயிறா என்று மட்டும் கேட்டார்; முடி உதிர்வுக்கான பேக்கேஜுக்கு வருகிறவள் முடி மாத்திரை சாப்பிட்டிருப்பாளா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தினால் பொதுவாகப் போதும் என்றார் மருத்துவர். நான் பயந்துபோய் ஒரு வாரம் நிறுத்தப் போகிறேன்.

25 மார்ச் 2023

இம்முறை 62 அல்ல. மருத்துவர் எழுதிக் கொடுத்தவை மட்டும்.

டி.எஸ்.எச். 1.9. ஃப்ரீ டி4 இயல்பு. எனக்குத் தைராய்டு நோய் இல்லை.

பெரிட்டின் 24. டி.எஸ்.எச். அளக்கும் அதே வகை முறையில் பெரிட்டினை அளக்கும் கருவிகளும் உண்டு என்பதால், முதல் முறை வந்த 11 என்பதும் துண்டு போட்ட இடங்களின் கணக்குத்தான். ஒன்பதாம் தேதி நெற்குதிர் பற்றி அவ்வளவு உருக்கமாக எழுதினேன்; குதிர் அவ்வளவு காலியாக இல்லை, ஆனால் நிறைந்தும் இல்லை. மூன்று மாதத்துக்கு இரும்பு மாத்திரை எழுதியிருக்கிறார். அதைத் தேநீரோடும் காபியோடும் விழுங்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம்.

வைட்டமின் டி 13. இது முதலில் 17 இருந்தது. டி4-ஐப் போலவே தலைகீழாக அளக்கப்படுவதால், பயோட்டின் இதை உயர்த்திக் காட்டியிருந்தது. ஆக, நல்லதாக வந்ததும் பொய், கெட்டதாக வந்ததும் பொய். வாரம் ஒரு முறை 60,000 அலகு, எட்டு வாரத்துக்கு. ‘இது எலும்புக்கு, முடிக்காக என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள்’ என்று சொல்லித்தான் கொடுத்தார். கடற்கரைச் சாலைக்கு இரண்டு கிலோமீட்டரில் வேலை பார்த்தும் வெயிலைப் பார்க்காதவள் என்பதை எந்தப் பரிசோதனையும் இல்லாமலேயே என் அம்மா சொல்லியிருப்பார்.

2 ஏப்ரல் 2023

இன்று இழையை முதலிலிருந்து படித்தேன். கேள்வியின் முதல் ஐந்து சொற்களை இத்தனை நாளாக நான் படிக்கவே இல்லை. ‘குழந்தை தூங்கும் நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன்.’

சகோதரி, உங்கள் குழந்தைக்கு எத்தனை மாதம்?

3 ஏப்ரல் 2023

ஐந்து மாதம் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் முடி கொட்டத் தொடங்கியபோது பிரசவமாகி இரண்டரை மாதம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் பிடித்து வைத்திருந்த முடிகளெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் விடுபடும். ‘குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். குழந்தை சிரிப்பதற்கும் முடிக்கும் தொடர்பு கிடையாது, ஆனால் நாள் கணக்குப் பிசகவில்லை.

அறுபது பரிசோதனை உங்களுக்கு வேண்டாம் என்பது இப்போது என் கருத்து. மூன்றைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின், பெரிட்டின்: பிரசவத்தில் இரத்தம் போயிருக்கும், பாலும் கொடுக்கிறீர்கள். கர்ப்ப காலத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும் என்பது அரசு மருத்துவமனைகளின் நடைமுறை. பலர் குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது டி.எஸ்.எச்.: பிரசவமான முதல் ஆண்டுக்குள் சிலருக்குத் தைராய்டில் அழற்சி வந்து முதலில் மிகையாகவும் பிறகு குறைவாகவும் வேலை செய்யும். படபடப்போ, தாங்க முடியாத அசதியோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பணமில்லாமல் பார்ப்பார்கள்.

11 ஏப்ரல் 2023

சேர்ந்துபோன கேள்விகளுக்கு.

கடலூர் முதுநகரில் இருக்கும் என் தம்பிக்கு வயது 29. நெற்றியின் இரு பக்கமும் ஏறி, உச்சியில் மெலிந்துவருகிறது. அக்கா செய்ததைத் தானும் செய்ய வேண்டும் என்கிறான். எங்கள் அப்பாவின் கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். ஆண்களின் பரம்பரை வழுக்கையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். அவர்களுக்கு இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், அதிலிருந்து உருவாகும் டி.எச்.டி.யைத் தாங்காத வேர்கள்தான் அவர்களுடைய சிக்கல். வழுக்கைக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடும் ஆண்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை அந்த மாத்திரை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். பின்னாளில் அந்தப் பரிசோதனை செய்தால் மாத்திரையைச் சொல்ல வேண்டும். மீண்டும் அதே கதைதான்.

மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது, முகத்தில் மீசை போல முடி வருகிறது, உச்சி வகிடு அகலமாகிறது என்று எழுதிய கல்லூரி மாணவிக்கு: உங்களுக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். டெஸ்டோஸ்டிரோன், டி.எச்.இ.ஏ.எஸ்., புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களைப் பார்க்கச் சொல்வார்கள். சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் மாத்திரை எதையும் சாப்பிட்டுவந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புரோலாக்டின் மனப்பதற்றத்திலேயே ஏறும். தேர்வு எழுதிவிட்டு ஓடிவந்து இரத்தம் கொடுக்காமல், சற்று உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு கொடுங்கள்.

மகனுக்கு ஒரு ரூபாய் அளவில் வழவழப்பாக வட்டம் விழுந்திருப்பதாக எழுதியவருக்கு: எழுதியிருப்பதைப் பார்த்தால், அது புழுவெட்டு போலத் தெரிகிறது. புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே வேரைத் தாக்குகிறது. தோல் மருத்துவர் பார்த்தே சொல்லிவிடுவார். தைராய்டு நோய் இவர்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுவதால் அறிகுறி இருந்தால் டி.எஸ்.எச். பார்ப்பார்கள். சின்ன வெங்காயம் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு போகாதீர்கள். பெரியவர்களுக்கு, பூச்சி அரித்த துணி போல ஆங்காங்கே திட்டுத்திட்டாக உதிர்ந்தால், மேகநோய் என்ற பால்வினை நோய்க்கான (சிபிலிஸ்) வி.டி.ஆர்.எல். பரிசோதனையையும் சில சமயம் எழுதுவார்கள். எழுதினால் சங்கடப்படாமல் செய்துகொள்ள வேண்டும். குணப்படுத்தக்கூடிய நோய் அது.

30 ஏப்ரல் 2023

ஒரு சிறு சேர்க்கை. சர்க்கரைக்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். முட்டைகூடச் சேர்க்காத சைவர்களுக்கும் குறையலாம். பி12 அளவையும் பயோட்டின் உயர்த்திக் காட்டக்கூடும், எனவே குறைவு மறைந்துபோகும். ‘சத்துதானே, சாப்பிட்டால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு: வைட்டமின் ஏ, செலினியம் ஆகிய இரண்டும் அளவுக்கு மீறினால் அவையே முடியை உதிர்க்கும்.

20 ஆகஸ்ட் 2023

ஜூன் மாதத்திலேயே உதிர்வது நின்றுவிட்டது. இப்போது நெற்றியோரம் முழுவதும் இரண்டு அங்குலத்துக்குக் குட்டி முடிகள் எழுந்து நிற்கின்றன. எந்த எண்ணெய்க்கும் படியவில்லை. இரும்பு மாத்திரையால் வளர்ந்ததா, தானாகவே வளர்ந்ததா என்று கேட்டால், காய்ச்சலால் உதிர்ந்தது ஆறு மாதத்தில் பெரும்பாலும் தானாகவே திரும்பும் என்பதால், மாத்திரைக்கு முழுப் பெருமையையும் கொடுக்க எனக்கு மனமில்லை. பயோட்டின் டப்பாவில் பாதி மீதியிருக்கிறது. பக்கத்து மேசைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன், இரத்தப் பரிசோதனைக்கு முன் நிறுத்தவேண்டும் என்று மூடியில் எழுதி ஒட்டி.

திருப்பாதிரிப்புலியூர்ச் சகோதரி நேற்று எழுதியிருந்தார். ஹீமோகுளோபின் 9.8, பெரிட்டின் 9, டி.எஸ்.எச். இயல்பு, இரும்பு மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்தியிருந்தாராம். இப்போது மாத்திரை தொடர்கிறது, முடி உதிர்வது நின்றுவிட்டது, மாமியார் மட்டும் போர் தண்ணீர் என்ற கருத்திலிருந்து இறங்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பிரச்சினை பாக்கி இருக்கிறது. பிப்ரவரியில் நான் அழுதுகொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாமல் அம்மா திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்: மகளுக்கு முடி நன்றாக வளர்ந்துவிட்டால், அந்த முடியை அங்கேயே மொட்டை போட்டுக் காணிக்கையாகச் செலுத்திவிடுவதாக. புரட்டாசி பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.